ஆறாவது முதல் வருஷம்

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விட்டு, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் கண்ணாடிக்காரர். காலை ஆறரை மணி. வெளியே குளிர் இன்னும் போக மனசில்லாமல் தெருவிலேயே நின்றுகொண்டிருக்கிறது. உள்ளே, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மனிதர், நான்கு நாளுக்கு முன்னால் புதைத்த பட்டாணியை விரலால் தேடிக்கொண்டிருக்கிறார். அகப்பட்டுவிட்டது. மூக்குக் கண்ணாடியின் திருகாணியைப் பிடிக்கிற சின்ன இடுக்கியால் அதை வெளியே எடுத்து, துடைத்து, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார்.

"லேசா ஊதியிருக்கு," என்கிறார், சமையலறைக்குக் கேட்கும்படி. "நேத்தைக்கும் இன்னிக்கும் நல்லா வித்தியாசம் தெரியுது."

"தினம் தினம் தூக்கத்தைக் கெடுத்தா மூஞ்சி ஊதாம என்ன பண்ணும்?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வருகிறது. "வச்சுட்டு வந்து டீயைக் குடிங்க."

பட்டாணி மறுபடியும் மண்ணுக்குள் போகிறது. அதன் மேல் மண்ணைத் தள்ளி, இரண்டு விரலால் தட்டிக் கொடுத்து, அடுத்த பட்டாணிக்குப் போகிறார். மொத்தம் பதினெட்டுப் பட்டாணிகள். டீ ஆறிப்போவது தினசரி நடக்கிற காரியம்தான்.

மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டில், உள்ளே வெயில் விழும் ஜன்னல் ஒன்றே ஒன்று. ஒன்பது மணிக்கு வரும் வெயில் மூன்று மணி வரைக்கும் அசையாது. அந்த ஜன்னலும் அதன் அடியில் இருக்கும் நீள மேசையும் குளிர் காலத்தின் கடைசி மாதங்களில் கண்ணாடிக்காரரின் ராஜ்ஜியம். பதினோரு தட்டுகள், முள்ளங்கிக்கென்று ஒரு மரப்பெட்டி, ஆறு முட்டை அட்டைகள், இருபத்திரண்டு மூக்குக் கண்ணாடிக் கூடுகள். ஆமாம், கூடுகள்தான். கடையில் மிஞ்சிப்போன கூடுகளில் மண்ணை நிரப்பி, சாலட் கீரை விதையைத் தூவி, பொழுது சாய்ந்ததும் குளிருக்கு அடக்கமாக மூடியை டக்கென்று மூடிவிடுவார். ஒவ்வொன்றிலும் கண்ணாடிச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுகிற துக்கடாச் சீட்டு ஒன்று நூலில் ஆடும். அதில் விதையின் பெயர், புதைத்த தேதி, புதைத்த நேரம். நேரம் எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கடைத்தெருவில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கடை அவருடையது. வயது ஐம்பத்து நான்கு. தொழிலில் கெட்டிக்காரர். ஒரு ஆள் கடைக்குள் நுழைகிற நடையைப் பார்த்தே எந்தக் கண்ணில் குறை என்று சொல்லிவிடுவார் என்று பேர். ஆறு வருஷத்துக்கு முன்னால், குளிர் முடிகிற நேரத்தில், யாரோ ஒரு வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போன விதைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது. போன வருஷம் என்ன விளைந்தது என்று யாராவது கேட்டால், "நான் முதல் வருஷம்தானேங்க, கத்துக்கிட்டு இருக்கேன்," என்பார். ஆறு வருஷமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருவில் அவருக்கு 'முதல் வருஷம்' என்றே பேராகிவிட்டது.

கற்றுக்கொள்கிற ஆள் வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டாமோ? அதுதான் கிடையாது. கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கின் மேல் அந்தக் கனத்த சோதனைச் சட்டத்தை ஏற்றியதும் அவருக்கு வசமாக மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். எழுந்து ஓட முடியாது. எதிரே என்ன இருக்கிறது என்றும் தெரியாது.

"மேல் வரி படிங்க. சரி. அடுத்தது. சரி. வீட்ல பால்கனி இருக்கா?"

"இருக்குங்க."

"இப்ப தெளிவா இருக்கா, இல்ல இப்பவா? முன்னதா, சரி. அப்ப இன்னும் என்ன யோசனை? முள்ளங்கி போடுங்க. சிவப்பா, உருண்டையா இருக்குமே, அது. முப்பது நாளுக்குள்ள வந்துரும். குளிர்னா அதுக்குக் கொண்டாட்டம், வெளியிலேயே வைங்க. பாலக் கீரை, பட்டாணி, வெங்காயத்தாள், சாலட் கீரை. இந்த அஞ்சும் குளிர் முடியறதுக்குள்ள போட்டுடணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதை விட்டா வேற வழி கிடையாது. தக்காளிப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க, ஆளைக் கவுத்துடும்."

"போட்டுட்டு என்னங்க பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. தண்ணியைத் தெளிச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டுப் போகணும். கிளறிப் பாக்கக் கூடாது. கீழ் வரி படிங்க."

சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவும் சரியான பேச்சு. அவர் சொன்னபடி செய்தவர்கள் எல்லாரும் விளைச்சலைக் கண்டார்கள். கீழ்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். படிக்கிறதற்குக் கண்ணாடி வாங்கப் போனவர் இந்தப் பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டு, வந்த எரிச்சலில் ஒரு உடைந்த வாளியில் பாலக் விதையைக் கொட்டி வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதற்கப்புறம் அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீரை வாளியை மீறி வழிந்தது. இப்போது மனிதர் பட்டாணிக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்காரர் மாடிப்படி இறங்குகிறபோதெல்லாம் அந்த வாளியின் பக்கம் பார்க்காமல் இறங்கப் படாத பாடுபடுகிறார்.

ஏனென்றால் சொன்னவர் வீட்டில் ஒரு இலை கிடையாது. பட்டாணியின் கதைதான் பார்த்தோமே. முளை விடப் போகிற நேரத்தில் இடுக்கி போய் முளையை ஒடித்துவிடும். பாலக்குக்குத் தாகம் எடுக்கிறதோ என்று சந்தேகம் வந்து லென்ஸ் துடைக்கிற ஸ்ப்ரேயர் பாட்டிலால் நாளுக்கு ஒன்பது தடவை தெளிப்பார், அது அழுகும். வெங்காயத்தாளை எவ்வளவு வேர் விட்டிருக்கிறது என்று இழுத்துப் பார்ப்பார், அது கையோடு வரும். முள்ளங்கிக்குக் குளிர் கொண்டாட்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், தன் வீட்டு முள்ளங்கியைப் பால்கனியில் வைக்க மாட்டார். "பச்சைக் குழந்தைங்க, குளிர் தாங்காது," என்பார். ஜன்னலின் கதகதப்பில் அவை நூல் மாதிரி நீண்டு, வெளுத்து, தலை சாய்ந்து விழும். அதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

இதையெல்லாம் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் தையல்காரி. கோட்டு, சட்டை, யூனிஃபார்ம் என்று எது வந்தாலும் தைப்பாள். தைத்ததைப் பிரித்துத் திரும்ப அளவுக்குக் கொண்டுவருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முன்பெல்லாம் அவளுடைய மெஷின் அந்த ஜன்னல் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முட்டை அட்டை ஒன்று வந்தது. 'கொஞ்சம் நகத்திக்கோயேன்' என்றார். இரண்டாவது வருஷம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். இப்படி நகர்ந்து நகர்ந்து, குளிர் முடிகிற மாதங்களில் மெஷின் இப்போது நடைவழியில் இருக்கிறது. ஒரு பக்கம் குளியலறைக் கதவு, மறு பக்கம் செருப்பு அலமாரி, தலைக்கு மேல் ஒரு டியூப்லைட். அது எரிகிறது என்றும் சொல்ல முடியாது, அணைந்தது என்றும் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கண் வலிக்கிறது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கண்ணாடிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "வேலை பாக்கிற இடத்துல பகல் வெளிச்சம் வருதா?" என்பதுதான். வரவில்லை என்றால் பதறிப்போவார். "முதல்ல மேசையை ஜன்னல்கிட்ட போடுங்க. கண்ணாடி அப்புறம். கண்ணு இருந்தாத்தானே கண்ணாடி?" என்று கண்டிப்பார். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவார். நடைவழியில் மெஷின் மேல் கவிழ்ந்திருக்கிற தலையைத் தாண்டி, செருப்பைக் கழற்றி அலமாரியில் வைத்து, நேரே ஜன்னலுக்குப் போய், "இன்னிக்கு வெயில் நல்லா விழுந்துச்சா?" என்று கேட்பார். விதைகளுக்கு விழுந்ததா என்று அர்த்தம்.

இந்த வருஷம் அவருடைய போதாத காலம், ஒரு கறுப்புக் கோட்டு வந்தது.

கோட்டு ஒரு வக்கீலம்மாவுடையது. புதுக் கோட்டு, நல்ல துணி, தையல்காரி தன் கையால் வெட்டித் தைத்தது. பொத்தான் துளைகளுக்கு ஓரம் கட்டுவது கை வேலை. ஊசி நுனி பார்க்க வேண்டிய வேலை. அதை இரண்டு நாள் டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் வக்கீலம்மா கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். திங்கட்கிழமை, கடைக்கு விடுமுறை. கண்ணாடிக்காரர் வீட்டில்தான் இருந்தார்.

"கோர்ட்ல ஜன்னல் பக்கம் எழுந்து நின்னேன்," என்றார் வக்கீலம்மா. "எதிர்த்தரப்பு ஆளு என் வாதத்தைக் கவனிக்கல. என் பொத்தானையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பத்தான் நானும் குனிஞ்சு பாத்தேன்."

தையல்காரி கோட்டை வாங்கிப் பார்த்தாள். நடைவழியில் எல்லாம் கறுப்பாகத்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் சும்மா இருக்க வேண்டாமா? கோட்டை வாங்கி ஜன்னல் வெயிலில் விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார்.

"இது கறுப்பு நூல் இல்ல. கருநீலம்," என்று தீர்ப்புச் சொன்னார், ரொம்பப் பெருமையாக. "ஆறு துளைல நாலு கருநீலம், ரெண்டு கறுப்பு. நடுவுல நூல்கண்டு மாறிடுச்சு." பிறகு மனைவியைப் பார்த்து, வந்தவர் முன்னாலேயே, "எப்படி இது உன் கண்ணுக்குத் தப்பிச்சுது? பகல் வெளிச்சத்துல வச்சு ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!" என்று கேட்டார்.

இருபது வருஷத் தொழிலில் ஒரு துணியும் அப்படித் திரும்பி வந்ததில்லை. அவளுக்கு முகம் சிவந்து, காது வரைக்கும் சுட்டது. அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது என்னவோ நிதானமாகத்தான் வந்தது.

வக்கீலம்மா ஜன்னலைப் பார்த்தார். அங்கே இருபத்திரண்டு கூடுகள் வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தன. திரும்பி நடைவழியில் இருந்த மெஷினைப் பார்த்தார்.

"அந்த வெளிச்சத்துல இவ்வளவு சொகுசா படுத்திருக்கிறது யாருங்க?" என்று கேட்டார்.

"சாலட் கீரை," என்றார் கண்ணாடிக்காரர், கேள்வியில் இருந்த ஊசி தைக்காமல். "இன்னும் முளைக்கல. உங்க வீட்ல பால்கனி இருக்கா?"

அன்றைக்குத்தான் ஒப்பந்தம் போடப்பட்டது. தையல்காரிதான் ஆரம்பித்தாள். "நாப்பது நாள் தரேன். அதுக்குள்ள இந்த ஜன்னல்ல இருந்து சாப்பிடற மாதிரி ஒண்ணே ஒண்ணு வந்துச்சுன்னா, ஜன்னல் உங்களுக்கு. நான் வாயே திறக்க மாட்டேன், சாகிற வரைக்கும் நடைவழிலயே தைக்கிறேன். வரலைன்னா மறுநாள் காலைல மெஷின் இங்க வரும். அப்புறம் உங்க விதை எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

கண்ணாடிக்காரர் சிரித்தார். முப்பது நாள் முள்ளங்கிக்கு நாற்பது நாள் அவகாசம்! இந்தப் பெண்ணுக்கு விவசாயம் தெரியவில்லையே என்று இரக்கம்கூட வந்தது.

வக்கீலம்மாவுக்குத் தொழில் புத்தி போகவில்லை. அளவு எழுதுகிற துண்டுக் காகிதத்தை வாங்கி, நிபந்தனைகளை எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த வீட்டில் விதைத்ததாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும். மனிதர் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும். நாற்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீலம்மா கோட்டைத் திரும்பத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். போகிறபோது அவர் வாயில் ஒரு சிரிப்பு இருந்தது என்று தையல்காரிக்குப் பட்டது.

அன்று சாயங்காலமே கண்ணாடிக்காரர் தட்டு, பெட்டி, கூடு எல்லாவற்றையும் கொட்டிப் புது மண் போட்டுப் புதிதாக விதைத்தார். இனிமேல் தோண்டிப் பார்ப்பதில்லை என்று விரதமும் எடுத்துக்கொண்டார். முதல் நாள் தோண்டவில்லை. இரண்டாம் நாள் தோண்டவில்லை, ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். மூன்றாம் நாள் இடுக்கியை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். நான்காம் நாள் காலை அவள் டீ போட எழுந்தபோது விரல் இரண்டாவது கணு வரை உள்ளே இருந்தது.

"சும்மா ஒண்ணே ஒண்ணு. மாதிரிக்கு," என்றார்.

"மாதிரிக்கா? மத்த பதினேழும் என்ன, ரகசியமா வச்சுக்குமா?"

"கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்பறது சொல்லு? என் தொழிலே அதுதானே!"

அதைக் கேட்டுக்கொண்டே அவள் டீயை அடுப்பில் ஏற்றினாள். அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டே பிழைத்தவர். தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசத்தை வைத்துப் பொத்தான் துளைக்கு ஓரம் கட்ட முடியாது. அதற்கு வெளிச்சம் வேண்டும்.

முப்பத்தைந்தாம் நாள் அவர் ஒரு தகிடுதத்தம் பண்ணினார். அதையும் சொல்லிவிடுவோம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு கட்டுக் கீரை. செழிப்பான, கரும்பச்சைப் பாலக். நேரே தட்டை எடுத்து, அதில் வைத்து, நடைவழிக்குக் கொண்டுவந்து நீட்டினார்.

"இது எங்க இருந்து வந்துச்சு?"

"கீழ்வீட்டு டிரைவர் கொடுத்தாரு. ஆனா யோசிச்சுப் பாரு. நான் சொல்லித்தானே அவர் போட்டாரு? யோசனை என்னோடது. வாளி மட்டும்தான் அவரோடது. அப்படிப் பாத்தா முக்காவாசி என் விளைச்சல்."

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். துண்டுக் காகிதத்தை எடுத்து முதல் நிபந்தனையின் மேல் கத்தரிக்கோல் நுனியை வைத்தாள்.

"இந்த வீட்ல விதைச்சதுன்னு போட்டிருக்கு. எழுத்து தெரியுதா, இல்ல பூதக்கண்ணாடி வேணுமா?"

கண்ணாடிக்காரர் கீரையைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தார். அன்று ராத்திரி அது சூப்பாயிற்று. அவர் இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை. வாயில் வைக்கிறபோது முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே என்னவோ போலிருந்தது. ஊரெல்லாம் அவர் பேச்சைக் கேட்டு விளைவித்துச் சாப்பிடுகிறது. ஆறு வருஷத்தில் தன் கையால் வளர்த்ததை அவர் ஒரு வாய் தின்றதில்லை. அந்த ஆசை ஒன்றும் பெரிய ஆசை இல்லையே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, மறுபடி நடைவழிக்குப் போய் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தாள். நான்கு தடவை தவறி ஐந்தாவது தடவை நுழைந்தது. இரக்கமும் அதோடு தீர்ந்தது.

நாற்பதாம் நாள் வந்தது, அன்றைக்குக் கடை திறக்கவில்லை. பதினோரு மணிக்கே கண்ணாடிக்காரர் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஒரு பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். பதினோரு தட்டுகளிலும் ஆறு முட்டை அட்டைகளிலும் வெறும் மண். கூடுகளில் ஒன்றே ஒன்றில் சாலட் கீரைச் செடி ஒன்று எழுந்து நின்றது. அதன் இலை சுண்டு விரல் நகத்தில் பாதி இருக்கும். அதை இடுக்கியால் கிள்ளித் தட்டின் நடுவில் வைத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமலும் பார்த்தார்.

"இது சாப்பாடுன்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள். அவளும் அன்றைக்குத் தையலைத் தொடவில்லை.

கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இல்ல. இது சாப்பாடு இல்ல," என்று சொல்லி, இலையை எடுத்து மண்ணிலேயே போட்டுவிட்டார். தட்டை மறுபடி துடைத்தார். ஏய்க்கத் தெரியாத மனிதர்தான். கீரைக்கட்டு விஷயத்தில்கூட, கேட்டவுடன் டிரைவர் பேரைச் சொல்லிவிட்டாரே.

தட்டுகளை எடுத்து வைக்க இடம் வேண்டுமே என்று அவள் சமையலறையை ஒட்டிய பின்பக்கத்துப் பால்கனிக்குப் போனாள். குளிர் உள்ளே வராமலிருக்கக் கதவிடுக்கில் துணி அடைத்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் அந்தக் கதவைத் திறந்ததில்லை. துணியைப் பிடுங்கி, கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். வெளியே வெயிலும் குளிரும் ஒன்றாக இருந்தன. பழைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பச்சையாக என்னவோ கிடந்தது.

குனிந்து பார்த்தாள். முள்ளங்கி. இலைகள் தடித்து, மழையில் குளித்து, சொரசொரவென்று நின்றன. ஒவ்வொரு இலைக்கொத்துக்கும் அடியில் மண்ணை விட்டுத் தோளை உயர்த்திக்கொண்டு சிவப்பாக ஒரு உருண்டை. ஏழு உருண்டைகள்.

அவளுக்கு நினைவு வந்தது. ஒப்பந்தம் போட்ட ஐந்தாம் நாள். அவர் இந்தப் பெட்டியைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "இது செத்துப் போச்சு. கொண்டுபோய்க் கொட்டிடு," என்று அவள் கையில் கொடுத்தார். அவள் வக்கீலம்மாவின் கோட்டில் தலையைக் கொடுத்திருந்தாள். மூன்று மாடி இறங்கிக் கொட்ட யாருக்கு நேரம்? கதவை ஒரு சாண் திறந்து, பெட்டியைக் காலால் வெளியே தள்ளி, நாற்காலிக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக் கதவை அடைத்தாள். அதோடு மறந்தும் போனாள். அவர் இடுக்கிக்குத் தப்பிய ஏழு விதைகள், கேட்பாரும் பார்ப்பாரும் இல்லாமல், பரம சுகமாக வளர்ந்திருக்கின்றன.

உள்ளே கடிகாரம் பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

ஒன்றைப் பிடுங்கி எடுத்தாள். கையில் கனத்தது. இந்த வீட்டில் விதைத்தது, சரி. இந்த வீட்டில் விளைந்தது, பால்கனியும் வீடுதானே, அதுவும் சரி. மனிதர் தின்னக்கூடியது, பார்த்தாலே வாயில் ஊறுகிறது. இன்னும் ஒரே ஒரு நிபந்தனைதான் பாக்கி. இதைக் கொண்டுபோய் அந்தத் தட்டில் வைத்தால் போதும். அந்த மனிதர் துள்ளிக் குதிப்பார். அழுதாலும் அழுவார். கடையில் வருகிற ஒவ்வொரு கண்ணுக்கும் இந்தக் கதையைச் சொல்லுவார். தான் கொட்டச் சொன்னதை மட்டும் சொல்ல மாட்டார். அப்புறம் அடுத்த வருஷம் கூடுகள் நாற்பத்து நாலாகும். அவள் நடைவழியில் குளியலறைக் கதவு முழங்கையில் இடிக்க இடிக்கக் கருநீலத்தையும் கறுப்பையும் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருப்பாள். கண் போனால் கண்ணாடி போட்டுவிடுவார், வேறென்ன.

பாவமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை. மண்ணை விரலால் துடைத்துவிட்டு முள்ளங்கியைக் கடித்தாள்.

நறுக்கென்று உடைந்தது. குளிர்ந்த சாறு, அடுத்த நொடியே மூக்கில் ஏறுகிற காரம். எவ்வளவு ருசி! ஆறு வருஷமாகக் கேட்ட பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இரண்டாவதைப் பிடுங்கினாள். மூன்றாவதில் மண் சரியாகப் போகவில்லை, போகட்டும். தட்டில் வைத்துக் காட்ட வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது, வாயில் வைப்பதைப் பற்றி வக்கீலம்மா ஒன்றும் எழுதவில்லையே என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு நான்கையும் ஐந்தையும் தின்றாள். ஆறாவதில் கண் இரண்டும் கலங்கிக் கன்னத்தில் வழிந்தது. காரமோ, வேறு எதுவோ, அதைப் பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் நடைவழியைத் தாண்டிச் சமையலறைக்குள் வந்தது. ஏழாவதை இலையோடு சுருட்டி முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, பெட்டியைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

கண்ணாடிக்காரர் கதவருகே வந்து நின்றார். கையில் அந்தப் பீங்கான் தட்டு, பளபளவென்று. அவள் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். தொழில்காரக் கண் இல்லையா, ஈரம் தெரியாமல் போகுமா?

"ஏம்மா, எனக்காகவா அழற?" என்றார். "விடு. முதல் வருஷம்தானே. மணி ஆகப் போகுது. கடைசியா ஒண்ணு கேக்கறேன். இந்தப் பக்கம் ஏதாவது முளைச்சுக் கிடக்கா?"

வாய் கொள்ளாத முள்ளங்கியோடு, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.